காந்தப் புலத்தை வச்சு பயமுறுத்தாதீங்க, ஸ்வார்ம் அளந்து சொல்றத எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட பல வருஷ வாசகன் நான். போன வாரம் கடைசிப் பக்கத்துல பூமியோட காந்த துருவம் தலைகீழாகப் போகுது, செல்போன் வேலை செய்யாது, பறவைங்க வழி தெரியாம செத்துப்போகும், மனுஷங்களுக்கு கேன்சர் வரும்னு ஒரு செய்தி போட்டிருந்தீங்க, கூடவே தீப்பிடிச்ச மாதிரி பூமி உருண்டை படம் வேற. அத எங்க தெருவுல நாலு பேர் என்கிட்ட கொண்டு வந்து காட்டி "சார் நீங்க கப்பல்ல இருந்தவர்தானே, இது நிஜமா"ன்னு கேட்டாங்க, அதுல ஒரு பாட்டி நிஜமாவே பயந்து போயிருந்தாங்க. அதனாலதான் இந்த லெட்டர்.

அந்த செய்தியில 'விஞ்ஞானிகள் தெரிவித்துள்ளனர்'னு மட்டும் இருந்துச்சு. எந்த விஞ்ஞானி, எத வச்சு அளந்தாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. நீங்க எழுதின, தென் அட்லாண்டிக் கடல் மேல காந்தப் புலம் பலவீனமா இருக்கிறது, வட துருவம் நகர்றது, இதையெல்லாம் இன்னிக்கு இவ்வளவு துல்லியமா சொல்ல முடியுறதுக்கு முக்கிய காரணமே ஸ்வார்ம்னு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பின மூணு சாட்டலைட்தான். 2013 நவம்பர் 22 அன்னிக்கு ரஷ்யாவோட பிளெசெட்ஸ்க்ல இருந்து ஒரே ராக்கெட்ல மூணும் போச்சு. ஆல்ஃபா, பிராவோ, சார்லின்னு பேரு. நாலு வருஷம் வேலை செஞ்சா போதும்னு திட்டம் போட்டு அனுப்பினாங்க, பத்து வருஷத்தையும் தாண்டி ஓடிக்கிட்டிருக்கு. ஆனா அந்தப் பேர நம்ம தமிழ் பேப்பர் எதுலயும் நான் பார்த்த ஞாபகமே இல்ல சார்.

நான் மெர்ச்சன்ட் நேவியில டெக் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவன், மேக்னடிக் காம்பஸோடதான் வேலை. ஜைரோ காம்பஸ், ஜிபிஎஸ்னு எவ்வளவு வந்தாலும் மேக்னடிக் காம்பஸ் இல்லாம கப்பல் துறைமுகத்த விட்டுக் கிளம்ப முடியாது, வாட்ச்சுக்கு வாட்ச், அதாவது ஒவ்வொரு டூட்டி முறையிலயும், அதோட எர்ரர எடுத்து புக்ல எழுதியாகணும். கடல் வரைபடம் இருக்கே, அந்த சார்ட்ல காம்பஸ் ரோஸ்னு ஒரு வட்டம் அச்சடிச்சிருக்கும், அதுக்கு நடுவுல அந்த இடத்துல காந்த வடக்கு நிஜ வடக்குல இருந்து எத்தனை டிகிரி தள்ளியிருக்கு, அது எந்த வருஷத்து அளவு, வருஷத்துக்கு எவ்வளவு மாறுதுன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. நம்ம தூத்துக்குடிப் பக்கம் அந்த வித்தியாசம் ரொம்ப சொற்பம், அதே கப்பல் கேப் டவுன் பக்கம் போனா 25 டிகிரிக்கு மேல மேற்க தள்ளிக் காட்டும். ஆக காந்தப் புலம் மாறுதுங்கிறது புது சமாச்சாரமே இல்ல, கப்பல்காரங்க நூத்துக்கணக்கான வருஷமா பென்சில் வச்சு கூட்டிக் கழிச்சுட்டு வர்ற விஷயம். 1831-ல ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவோட வடக்கு ஓரத்துல பூத்தியா தீபகற்பத்துல காந்த வட துருவத்தக் கண்டுபிடிச்சார், அப்போ இருந்த இடத்துல அது இப்போ இல்ல, ஆர்க்டிக் கடலத் தாண்டி சைபீரியா பக்கம் போய்க்கிட்டிருக்கு.

இந்த சாட்டலைட்ட எப்படி செஞ்சிருக்காங்கன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அந்த அளவ எதுக்கு நம்பலாம்ங்கிறது இதுலதான் இருக்கு. கப்பல் முழுக்க இரும்பு, அதனால காம்பஸ் முள்ளு கப்பலோட இரும்புக்கும் இழுபடும், அதுக்காகத்தான் காம்பஸ கப்பல ஓட்டுற அறையான பிரிட்ஜுக்கு மேல மொட்டமாடி மாதிரி இருக்கிற மங்கி ஐலண்ட்ல கொண்டுபோய் வைக்கிறது, ரெண்டு பக்கமும் இரும்பு குண்டு வச்சு சரிக்கட்டுறது, அப்படியும் மிச்சம் இருக்கிற தப்ப டீவியேஷன் கார்டுல எழுதி மாட்டுறது. ஸ்வார்ம்லயும் இதே பிரச்சினைதான். சாட்டலைட்டுக்குள்ள ஓடுற கரண்டே காந்தத்த உண்டாக்கும், அதனால பின்பக்கம் 4 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பத்த நீட்டி அதோட நுனியில காந்தப் புலத்த அளக்கிற மேக்னட்டோமீட்டர் ஒண்ணு, பாதி வழியில இன்னொரு மேக்னட்டோமீட்டர்னு வச்சிருக்காங்க. நுனியில இருக்கிறது பிரான்ஸ்ல செஞ்சது, புலம் எவ்வளவு பலமா இருக்குங்கிறத மட்டும் அப்பழுக்கில்லாம சொல்லும். நடுவுல இருக்கிறது டென்மார்க்ல செஞ்சது, எந்தத் திசையில எவ்வளவுன்னு சொல்லும், ஆனா திசை சொல்லணும்னா சாட்டலைட் எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருக்குன்னு முதல்ல தெரியணும், அதுக்காக அதோட பக்கத்துலயே நட்சத்திரத்தப் பார்த்து திசை பிடிக்கிற மூணு கேமரா. நாங்க செக்ஸ்டன்ட்ங்கிற கோணம் அளக்கிற கருவிய கையில வச்சு நட்சத்திரம் எடுத்தோம், அது தானே எடுக்குது, அவ்வளவுதான்.

மேல போன பிறகு ஒரு விஷயம் நடந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. ரெண்டு கருவியும் சொல்ற அளவுல சின்னதா ஒரு வித்தியாசம் வந்துச்சு, சில நானோடெஸ்லாதான் (காந்தப் புலத்த அளக்கிற ரொம்பச் சின்ன அலகு), பூமியோட புலம் முப்பதாயிரம் நாற்பதாயிரம் நானோடெஸ்லா இருக்கிற இடத்துல இத யாரும் கண்டுக்காம விட்டிருக்கலாம். விடல. தோண்டித் துருவிப் பார்த்தா சூரியன் சாட்டலைட் மேல எந்தக் கோணத்துல படுதோ அதுக்குத் தகுந்த மாதிரி அந்த வித்தியாசம் ஏறி இறங்குதுன்னு தெரிஞ்சுது, உடனே அத கணக்குப் போட்டு கழிச்சு திருத்தின டேட்டாவத்தான் வெளியிட்டாங்க. சார்லி சாட்டலைட்ல அந்த பிரான்ஸ் கருவி 2014-லயே மொத்தமா நின்னு போச்சு. அதுவும் வீணாகல, சார்லிய ஆல்ஃபாவுக்குப் பக்கத்துலயே ஜோடியா ஓட விட்டு ஆல்ஃபாவோட அளவ வச்சு சார்லிய சரிபார்க்கிறாங்க, பிராவோ தனியா கொஞ்சம் மேல சுத்துது. இப்படி ஒவ்வொரு நானோடெஸ்லாவுக்கும் மெனக்கெடுறவங்களோட வேலைய எடுத்து ஒரு தீப்பிடிச்ச பூமி படத்துக்குக் கீழ போடுறது நியாயமே இல்ல சார்.

சரி, அவங்க அளந்ததுதான் என்ன.

தென் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல தென் அட்லாண்டிக் கடல் மேல புலம் பலவீனமா இருக்குங்கிறது உண்மை. அங்க இருக்கிற மிகக் குறைஞ்ச அளவு 1970-ல சுமார் 24,000 நானோடெஸ்லா, 2020-ல 22,000-க்கு இறங்கிருச்சு, நம்ம தென் தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 40,000 இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க. அந்தப் பகுதி 2014-ல இருந்து பெருசாகிக்கிட்டும் இருக்கு, ஐரோப்பா கண்டத்துல பாதி அளவுக்கு பரப்பு கூடியிருக்குன்னு 2025-ல ஸ்வார்ம் டேட்டாவ வச்சு சொன்னாங்க. அதுக்குக் காரணம் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழ உருகி ஓடுற இரும்பு. அந்தப் பகுதியில சில இடங்கள்ல காந்தக் கோடு வெளிய வர்றதுக்குப் பதிலா உள்ள போகுது, அந்த மாதிரி ஒரு திட்டு ஆப்பிரிக்காவுக்குக் கீழ மேற்குப் பக்கமா நகர்ந்துக்கிட்டிருக்கு.

இதனால யாருக்கு என்ன பிரச்சினை? சாட்டலைட்டுக்குத்தான், புலம் பலவீனமா இருக்கிற இடத்துல விண்வெளிக் கதிர்வீச்சு அதிகமா தாக்கும். ஹப்பிள் டெலஸ்கோப் அந்த இடத்தத் தாண்டும்போது கருவிய நிறுத்தி வச்சிட்டு அந்தப் பக்கம் போனதும் திரும்ப ஆன் பண்றது வழக்கம். கீழ கடல்ல போற கப்பலுக்கோ மீனவனுக்கோ ஒண்ணும் ஆகாது, நானே அந்தப் பக்கம் சரக்குக் கப்பல்ல போய் வந்திருக்கேன், தலைக்கு மேல வாயுமண்டலம்னு ஒண்ணு இவ்வளவு கனத்துல இருக்கு இல்லையா.

துருவம் புரள்ற கதைக்கு வருவோம். கடைசியா முழுசா புரண்டது சுமார் 7,80,000 வருஷத்துக்கு முன்னாடி. 41,000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ புலம் ரொம்ப இளைச்சுப் போய் கொஞ்ச காலம் திசை மாறிட்டு திரும்ப பழைய நிலைக்கே வந்துச்சு, அப்போ மனுஷங்க பூமியில இருந்தாங்க, இன்னிக்கும் இருக்கோம். புரள்றதுன்னா ஒரே ராத்திரியில ஸ்விட்ச் போட்ட மாதிரி நடக்கிறதில்ல, ஆயிரக்கணக்கான வருஷம் பிடிக்கிற சமாச்சாரம். கடந்த 200 வருஷத்துல சராசரியா 9 சதவீதம் குறைஞ்சிருக்குங்கிறது நிஜம்தான், ஆனா அத வச்சு புரளப் போகுதுன்னு முடிவு கட்ட முடியாது, ஏறுறதும் இறங்குறதும் அதோட இயல்பு. உங்க செய்தியில அந்த 9 சதவீதம் மட்டும் கொட்டை எழுத்துல இருந்துச்சு, மத்தது எதுவும் இல்ல.

இதவிட சுவாரஸ்யமான விஷயம் வடக்க நடக்குது. வட பாதியில புலம் பலமா இருக்கிற இடம் ரெண்டு, ஒண்ணு கனடா மேல, இன்னொண்ணு சைபீரியா மேல. ஸ்வார்ம் மேல போனதுல இருந்து பார்த்தா கனடா மேல இருக்கிற பலமான பகுதி கிட்டத்தட்ட நம்ம இந்தியா அளவு பரப்ப இழந்து சுருங்கிருச்சு, சைபீரியா பக்கம் இருக்கிறது கிரீன்லாந்து அளவு பரப்பு கூடி விரிஞ்சிருச்சு. காந்த வட துருவம் சைபீரியாவ நோக்கிப் போறது இதோட சேர்ந்ததுதான். ஒரு கட்டத்துல வருஷத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடுச்சு, இப்போ 35 கிலோமீட்டர் போல குறைஞ்சிருக்கு. அந்த ஓட்டத்தாலதான் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற உலக காந்த மாடல, அதாவது எந்த இடத்துல காந்த வடக்கு எந்தப் பக்கம்னு சொல்ற கணக்க, 2019 பிப்ரவரியிலயே முறைக்கு முன்னாடி புதுப்பிக்க வேண்டியதாப் போச்சு. கப்பல், விமானம் மட்டும் இல்ல சார், உங்க கையில இருக்கிற போன்ல மேப் திறந்தா நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறீங்கன்னு ஒரு நீல முக்கோணம் காட்டுது பாருங்க, அதுக்கும் இந்த மாதிரி மாடல்தான் பின்னால இருக்கு. செல்போன் வேலை செய்யாம போகும்னு எழுதினீங்க, செல்போன் சரியா திசை காட்டுறதே இந்த அளவீட்டாலதான்.

யாருமே எழுதாத இன்னும் ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு கடல். உப்புத் தண்ணி மின்சாரத்தக் கடத்தும், அது பூமியோட காந்தப் புலத்துக்குள்ள ஓதம் ஏறி இறங்கும்போது தண்ணியிலயே லேசா கரண்ட் ஓடும், அந்த கரண்ட் ஒரு குட்டி காந்தத்த உண்டாக்கும். சாட்டலைட் உயரத்துல அது ரெண்டு, ரெண்டரை நானோடெஸ்லாதான், பூமியோட மொத்தப் புலத்துல இருபதாயிரத்துல ஒரு பங்கு. அதையும் பிரிச்செடுத்து உலகக் கடல் மொத்தத்துக்கும் மேப் போட்டு 2018-ல காட்டினாங்க. கடல்ல பல வருஷம் ஓதத்த டேபிள் பார்த்து கணக்குப் போட்டவன் நான், அதே ஓதத்த வானத்துல இருந்து காந்தமா பார்க்கிறாங்கன்னு படிச்சப்போ சந்தோஷத்துல தூக்கமே வரல.

இன்னொண்ணு கனடாவுல ஆல்பர்ட்டா மாநிலத்துல துருவ ஒளிய போட்டோ எடுக்கிற சாதாரண ஜனங்களோட ஃபேஸ்புக் குரூப் ஒண்ணு. அவங்க போட்டோவுல ஊதா நிறத்துல ரிப்பன் மாதிரி ஒரு ஒளி அடிக்கடி வந்துச்சு, கால்கரி பல்கலைக்கழகத்து எரிக் டொனோவன் அது வழக்கமான துருவ ஒளி மாதிரி இல்லையேன்னு சந்தேகப்பட்டார். அந்த ரிப்பன் வழியா ஸ்வார்ம் நேரா புகுந்து போன ஒரு தடவ டேட்டாவ எடுத்துப் பார்த்தா 300 கிலோமீட்டர் உயரத்துல வெப்பம் 3,000 டிகிரி எகிறியிருக்கு, 25 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயு மேற்க நோக்கி செகண்டுக்கு 6 கிலோமீட்டர் வேகத்துல ஓடியிருக்கு. ஸ்டீவ்னு அந்த ஒளிக்குப் பேர் வச்சது கூட அந்த குரூப்காரங்கதான். வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி கேமராவத் தூக்கிட்டுப் போற ஜனங்க அறிவியலுக்கு ஒரு புது விஷயத்தக் கொடுத்திருக்காங்க, இத ஞாயித்துக்கிழமை இணைப்புல போட்டா எத்தனை பிள்ளைங்க ஆசையா படிக்கும்.

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம், நம்ம வாசகனுக்கு எதுக்குன்னு நீங்க நினைக்கலாம், அதனால நம்ம ஊருக்கு வர்றேன். காந்த நிலநடுக்கோடு, அதாவது காம்பஸ் முள்ளு மேலயும் சாயாம கீழயும் சாயாம படுகிடையா நிக்கிற கோடு, நம்ம தென் முனைய ஒட்டித்தான் போகுது. திருவனந்தபுரம் பக்கத்துல தும்பாவுல 1963-ல ராக்கெட் தளம் அமைச்சதே அதுக்காகத்தான். அந்தக் கோட்டுக்கு மேல சுமார் 105 கிலோமீட்டர் உயரத்துல பகல் நேரத்துல கிழக்க நோக்கி ஒரு பெரிய கரண்ட் ஆறு மாதிரி ஓடுது, உச்சி வேளையில நல்ல உச்சத்துல இருக்கும். திருநெல்வேலி பக்கத்துல கிருஷ்ணாபுரத்துல இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு, அவங்க அந்தக் கரண்ட கீழ இருந்து அளக்கிறாங்க, ஸ்வார்ம் அதே கரண்ட மேல இருந்து தாண்டிப் போகும்போது அளக்குது, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் முழுசா புரியும். கிருஷ்ணாபுரம்னா கோயில் சிற்பத்துக்குத்தான் எல்லாரும் போறாங்க, போறவங்க போற வழியில இப்படி ஒரு இடம் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம நாட்டுல இந்த வேலை இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சதும் இல்ல, பம்பாய் கொலாபாவுல 1841-லயே ஆரம்பிச்சாச்சு, மின்சார டிராம் வரப்போகுது அளவு கெட்டுப்போகும்னு தெரிஞ்சதும் 1904-ல அப்படியே அலிபாக்குக்கு மாத்திக்கிட்டாங்க. தொடர்ந்து அளக்கிறதுல அவ்வளவு கவனம் அந்தக் காலத்துலயே.

அந்தத் தொடர்ச்சிதான் இப்போ எனக்கு இருக்கிற நிஜமான கவலை, பயப்படணும்னா இதுக்குத்தான் பயப்படணும். 1979 அக்டோபர்ல நாசா மேக்சாட்னு ஒண்ணு அனுப்பிச்சு, அது 1980 ஜூன்ல கீழ விழுந்துருச்சு. அதுக்கப்புறம் திசையோட சேர்த்து துல்லியமா அளக்கிற சாட்டலைட்டுக்கு 1999 பிப்ரவரியில டென்மார்க் ஒர்ஸ்டெட் அனுப்புற வரைக்கும் கிட்டத்தட்ட 19 வருஷம் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அந்த 19 வருஷத்துல புலம் எப்படியெல்லாம் மாறுச்சுன்னு தரையில இருக்கிற ஆய்வுக்கூடங்கள வச்சுத்தான் தெரிஞ்சுக்க முடியுது, கடல் நடுவுல ஆய்வுக்கூடம் ஏது? போன காலத்து அளவ இனிமே போய் எடுக்க முடியாது. பிறகு ஜெர்மனியோட சாம்ப் 2000-ல இருந்து 2010 வரைக்கும் ஓடுச்சு, அடுத்து ஸ்வார்ம்.

இப்போ ஸ்வார்மும் வயசான கப்பல்தான். 2021 கடைசியில இருந்து சூரியன் சுறுசுறுப்பானதும் மேல் காத்து மண்டலம் உப்பி, அது வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டரை கிலோமீட்டர் இறங்கினது வருஷத்துக்கு 20 கிலோமீட்டர் கணக்குல இறங்க ஆரம்பிச்சிருச்சு. சாட்டலைட்ட உந்தித் தள்ள மிச்சம் இருக்கிற கொஞ்ச வாயுவ வச்சு மேல தூக்க வேண்டியதாச்சு. 2022 ஜூன் 30 அன்னிக்கு விண்வெளிக் குப்பை ஒண்ணு ஆல்ஃபா மேல மோத வருதுன்னு வெறும் எட்டு மணி நேரத்துக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது, அவசர அவசரமா விலக்கிக் காப்பாத்தினாங்க. சீனா 2023 மே மாசம் மக்காவ் சயின்ஸ் சாட்டலைட் அனுப்பியிருக்கு, அது தென் அட்லாண்டிக் பக்கத்த நல்லா பார்க்கும், ஆனா துருவம் வரைக்கும் போகாது. ஐரோப்பாவுல நேனோமேக்சாட்னு மூணு குட்டி சாட்டலைட்டுக்கு வேலை நடக்குது. ஸ்வார்ம் கண்ண மூடுறதுக்குள்ள அது மேல போய் ரெண்டும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓடணும், அப்பதான் பழைய அளவையும் புது அளவையும் ஒட்ட முடியும்.

அதனால ஆசிரியர் அவர்கள்கிட்ட நான் கேட்கிறது இதுதான். போன வாரம் வந்த அதே கடைசிப் பக்கத்துல அதே அளவுக்கு இடம் விட்டு, துருவம் புரள்றதப் பத்தி ஜனங்க பயப்பட வேண்டியதில்லன்னு ஒரு திருத்தம் போடுங்க. உங்க திருநெல்வேலி நிருபர் ஒருத்தர கிருஷ்ணாபுரத்துக்கு அனுமதி வாங்கி அனுப்பி அங்க இருக்கிற விஞ்ஞானிகள்கிட்ட நேர்ல பேசச் சொல்லுங்க, அவங்க தமிழ்ல சொல்றத அப்படியே போடுங்க. இனிமே இந்த மாதிரி செய்தி வந்தா எந்த சாட்டலைட் அளந்தது, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், எவ்வளவுல இருந்து எவ்வளவுக்கு மாறுச்சுன்னு மூணு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்க. காம்பஸ் ரோஸ், டீவியேஷன் கார்டு பத்தி பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி எழுதணும்னா நான் எழுதித் தர்றேன், பழைய சார்ட் ரெண்டு மூணு என்கிட்ட இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தூத்துக்குடி.